பாக்கி விழுந்த குடோன் அறை: வடசென்னையில் ஓர் ஏலமும் அடுத்த ஏழு வாரமும்

எதற்காக இந்தப் பதிவு

மண்ணடியில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. பழைய சாமான் வாங்கி விற்கும் ஏழெட்டுப் பேர் என்னிடம் கணக்கு வைத்திருக்கிறார்கள். அவர்களில் இருவர் 2024 மார்ச்சில் ஒரு குடோன் அறையை, உள்ளே இருந்ததெல்லாம் சேர்த்து, ஏலத்தில் எடுத்தார்கள். வாடகை பாக்கி வைத்துவிட்டு ஆளே வராமல் போன ஒருவரின் அறை அது. அடுத்த ஏழு வாரத்தில் நடந்ததை அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். யாருடைய பெயரும் இதில் இல்லை. தொகைகள் என் நோட்டில் உள்ளபடியே இருக்கின்றன.

இந்தப் பக்கம் இப்படி அறையோடு விற்பது எனக்குத் தெரிந்தே இன்னும் சில இடங்களில் நடக்கிறது. எடுக்க நினைக்கிறவர்கள் சாமானைப் பார்ப்பதற்கு முன்னால் எதைப் பார்க்க வேண்டும் என்பது இந்த ஒரு அறையிலேயே தெரிந்துவிட்டது. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

பின்னணி

எடுத்தவர்கள் மாமாவும் மருமகனும். மாமாவுக்கு 58 வயது. சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் வளாகத்தில் கடை வைத்திருக்கிறார். அவருடைய அப்பாவுக்குப் பழைய மூர் மார்க்கெட்டில் கடை இருந்தது. 1985 தீ விபத்தில் அது போய்விட்டது. சாமான் மட்டுமல்ல, கல்லாப் பெட்டியில் வைத்திருந்த வீட்டுப் பத்திரமும் ரேஷன் கார்டும் சேர்ந்து எரிந்தன. அந்தப் பத்திரத்துக்கு நகல் வாங்க அப்பா எத்தனை நாள் அலைந்தார் என்று மாமா என்னிடம் பல முறை சொல்லியிருக்கிறார். பின்னால் வரப்போகும் ஒரு முடிவுக்கு இதுதான் காரணம்.

மருமகன் மாமாவின் அக்கா மகன், 27 வயது. ஃபோட்டோ எடுத்து ஆன்லைனில் போட்டு விற்பதில் கெட்டிக்காரர். அமெரிக்காவில் கேட்பாரற்ற சேமிப்பு அறைகளை ஏலம் விடும் வீடியோக்களை நிறையப் பார்த்தவர். அங்கே ஷட்டரைத் தூக்குகிறார்கள், வாசலில் நின்று பார்க்கிறார்கள், ஏலம் கேட்கிறார்கள். இங்கேயும் அதைச் செய்யலாம் என்ற யோசனை அவருடையது.

குடோன் வியாசர்பாடிக்கும் கொடுங்கையூருக்கும் நடுவில் இருக்கிறது. முன்பு ஒரே பெரிய ஷெட்டாக இருந்ததைச் செங்கல் சுவர் வைத்துப் பன்னிரண்டு அறைகளாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொன்றும் பத்துக்குப் பதினாலு அடி, தனி ஷட்டர். பூட்டும் சாவியும் வாடகைதாரருடையவை. துணி வியாபாரிகள், கேட்டரிங்காரர்கள், வீடு இடித்துக் கட்டும் வரை தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைக்கிறவர்கள் என்று எல்லாரும் அங்கே இருந்தார்கள்.

நம் கதையின் வாடகைதாரர் பழைய வண்ணாரப்பேட்டையில் சின்னதாக நைட்டி தைக்கும் யூனிட் நடத்தியவர். 2022 அக்டோபரில் அறை எடுத்தார். மாதம் 6,500 ரூபாய், அட்வான்ஸ் 20,000. ஒரே ஒரு பக்க அக்ரிமென்ட். 2023 ஜூலை வரை வாடகை ஒழுங்காக வந்தது. ஆகஸ்டிலிருந்து நின்றது. ஃபோன் சில வாரம் அடித்தது, அப்புறம் எண்ணே உபயோகத்தில் இல்லை என்று வந்தது.

குடோன் உரிமையாளர் இந்த இடைவெளியில் செய்தது இவ்வளவுதான்: பத்துப் பன்னிரண்டு ஃபோன், நாலைந்து வாட்ஸ்அப் செய்தி, ஒரு முறை வண்ணாரப்பேட்டை முகவரிக்கு ஆள் அனுப்பியது. வீட்டைக் காலி செய்துவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். பதிவுத் தபால் எதுவும் அனுப்பவில்லை. அக்ரிமென்டில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் வாடகைதாரரின் மச்சான். அவருடைய ஊர் அதிலேயே இருந்தது. அந்த வரியை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. வடசென்னையில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. இந்தக் குடோனிலும் முழங்கால் உயரம் ஏறியது. மற்ற வாடகைதாரர்கள் ஓடி வந்து தங்கள் அறையைத் திறந்து காப்பாற்ற முடிந்ததைக் காப்பாற்றினார்கள். இந்த ஒரு அறை மட்டும் திறக்கப்படவில்லை. ஜனவரியில் அதிலிருந்து வாடை வர ஆரம்பித்ததும் உரிமையாளர் பூட்டை உடைத்தார், பார்த்தார், தன் பூட்டைப் போட்டார். அறையைச் சாமானோடு விற்றுவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தாராம்.

வாசலில் நின்று பார்த்தது

2024 மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமை. பழைய இரும்பு, பழைய சாமான் ஆட்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டு வரச் சொல்லியிருந்தார்கள். ஏழு பேர் வந்தார்கள். அதில் நாலு பேர் ஒரே கூட்டு என்று மாமாவுக்குத் தெரியும். ஷட்டர் தூக்கி ஐந்து நிமிடம். உள்ளே கால் வைக்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது.

மாமா அந்த ஐந்து நிமிடத்தை எப்படிப் பயன்படுத்தினார் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொழில் அங்கேதான் இருக்கிறது. முதலில் அவர் சாமானைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். சுண்ணாம்பில் பழுப்பாக ஒரு நீர்க்கோடு, தரையிலிருந்து ஒன்றரை அடி. அதற்குக் கீழே இருக்கும் எதற்கும் விலை கிடையாது என்று மனதில் கோடு போட்டுக்கொண்டார். அட்டைப் பெட்டிகள் நாலு வரிசை அடுக்கியிருந்தன. அடி வரிசை ஊறி, நசுங்கி, மேல் வரிசையின் கனத்தில் பிதுங்கியிருந்தது. அது துணி, கனமான துணி. தார்ப்பாய் போர்த்திய நாலு உருவங்கள்: மேலே தட்டையாக, ஒரு பக்கம் மட்டும் எழும்பி. தையல் மெஷின், அதுவும் மேஜையோடு கூடிய பவர் மெஷின். மோட்டார் மேஜைப் பலகைக்குக் கீழே தொங்கும், ஆனால் நீர்க்கோட்டுக்கு மேலேதான் இருக்கும், ஆகவே மோட்டார் தப்பித்திருக்கும். பீரோவின் கால் துருப்பிடித்திருந்தது, கதவு நேராக நின்றது. ஃப்ரிட்ஜ் போனது போனதுதான். கட்டிலின் மேல் ஒரு டிரங்குப் பெட்டி, பூட்டோடு.

வெளியே வந்து மருமகனிடம் சொன்னது: "தெரியறதுக்குத்தான் விலை. மூடி வெச்சிருக்கிறதுக்கு விலை கிடையாது. அம்பதைத் தாண்டாதே."

ஏலம் 20,000-இல் ஆரம்பித்தது. நாற்பது வரை கூட்டாளிகள் ஏற்றினார்கள். 50,000-இல் மாமா நிறுத்தச் சொல்லிக் கையைப் பிடித்தார். மருமகன் கண் டிரங்குப் பெட்டியில் இருந்தது. "மாமா, பூட்டிக் கட்டில் மேல வெச்சிருக்காங்க, சும்மாவா வெச்சிருப்பாங்க?" என்று சொல்லிவிட்டு அவரே தொடர்ந்து கேட்டார். 61,000-க்கு மூன்று தரம் சொல்லி முடித்தார்கள். பணம் அன்றைக்கே போனது. ரசீது ஒரு வெள்ளைத் தாளில்: "அறை எண் இத்தனை, உள்ளே உள்ள சாமான்கள், உள்ளபடியே, ரூ. 61,000." உரிமையாளர் கையெழுத்து.

யாருடைய சாமான், எந்த அதிகாரத்தில் விற்கிறீர்கள், அவருக்கு எழுத்தில் தெரிவித்தீர்களா என்று அங்கே இருந்த ஏழு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. இதை மாமாவிடம் பின்னால் கேட்டேன். அவர் துறைமுக ஏலச் சரக்கு பல தடவை எடுத்தவர். மணலி, மாதவரம் பக்கமுள்ள கண்டெய்னர் யார்டுகளில், இறக்கி 30 நாளுக்குள் இறக்குமதியாளர் எடுக்காத சரக்கைச் சுங்கச் சட்டம், 1962-இன் 48ஆம் பிரிவின்படி நோட்டீஸ் கொடுத்து, சுங்க அதிகாரியின் அனுமதியோடு விற்பார்கள். அங்கே எடுத்தால் காகிதம் சுத்தமாகக் கைக்கு வரும். "ஏலம்னாலே அது சரியாத்தான் இருக்கும்னு பழகிட்டேன்" என்றார். அந்த ஏலத்துக்குப் பின்னால் ஒரு சட்டம் நிற்கிறது. இங்கே ஒரு வாட்ஸ்அப் செய்திதான் நின்றது.

பிரித்து எடுத்தது

மூன்று நாள் வேலை. இரண்டு ஆட்கள், குட்டியானை ஐந்து நடை. கொருக்குப்பேட்டையில் தெரிந்தவரின் மொட்டை மாடியையும் ஒரு ஷெட்டையும் ஒரு மாதத்துக்கு வாடகைக்குப் பிடித்தார்கள்.

துணி ரோல் 22. அடியில் இருந்த ஒன்பது பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிட்டன. தூக்கும்போதே அட்டைப் பெட்டியின் அடி கழன்று, காய்ந்த சேறு தயிராடை போலப் பாளம் பாளமாக விழுந்ததாம். மீதி 13 தேறின. தைத்து முடித்த நைட்டி 180. அதில் 60 கறைபட்டுப் போயின. நூல்கண்டு, ஜிப், பட்டன் ஒரு மூட்டை. மெஷின்கள் மாமா கணித்தபடியே: மூன்று ஜூக்கி (பவர் தையல் மெஷின்), ஒரு ஓவர்லாக் (துணி ஓரம் தைக்கும் மெஷின்). ஜூக்கியில் ஒன்று சர்வோ மோட்டார், மற்ற இரண்டும் பழைய கிளட்ச் மோட்டார். கால் பெடலும் இரும்புச் சட்டமும்தான் துரு. மெக்கானிக் எண்ணெய் மாற்றி, பெல்ட் மாற்றி, பேரிங் போட்டு ஓட்டிக் காட்டினார்.

முதல் இரண்டு வாரம் நன்றாகவே போனது. மூன்று ஜூக்கியும் 44,000-க்குப் போயின. நல்ல துணி ரோல்கள் மொத்தமாக 19,500. நைட்டி ஒன்று 70 ரூபாய் என்று 8,400. நூல், ஜிப் வகை 4,100. மரக்கட்டிலும் டிரெஸ்ஸிங் டேபிளும் 5,200. கிரைண்டர் 2,200. ஃப்ரிட்ஜும் வீணான மற்றவையும் காயலாங்கடைக்கு 3,800. ஆக 87,200.

இதைக் கேட்டால் 61,000 போட்டு 26,000 சம்பாதித்தது போலத் தோன்றும். நோட்டில் அப்படி இல்லை. வண்டி 7,000, ஆட்கூலி 5,400, மாடியும் ஷெட்டும் 6,000, மெஷின் பழுது 5,600. மொத்தம் போட்டது 85,000. மிச்சம் 2,200. இருவரும் இருபத்தாறு நாள் உழைத்ததற்குக் கூலி எழுதவே இல்லை. மருமகன் எதிர்பார்த்த லாபமெல்லாம் விற்காமல் வைத்திருந்ததில்தான் இருந்தது: ஓவர்லாக் மெஷின், பீரோ, பாத்திரங்கள். இவற்றுக்கு 30,000 வரும் என்பது மாமாவின் மதிப்பு.

டிரங்குப் பெட்டியும் பெயர் வெட்டிய பாத்திரமும்

டிரங்குப் பெட்டியை முதல் நாள் இரவே திறந்தார்கள். நகை இல்லை, பணம் இல்லை. கிராமத்து வீட்டு மனைப் பத்திரம், இரண்டு பெண் பிள்ளைகளின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ், கல்யாண ஆல்பம், ஒரு அடகுச் சீட்டு. கட்டில் மேலே இருந்ததால் வெள்ளம் தொடவில்லை. ஆனால் மூன்று மாதம் மூடிய அறையின் ஈரத்தில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தது.

மருமகன் ஏலத்தில் 11,000 கூடக் கேட்டது இந்தப் பெட்டிக்காக. அவர் அதை ஓரமாகத் தள்ளி வைத்தார். மாமா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தாள் தாளாகப் பிரிக்க ஆரம்பித்தார். மறுநாள் மாடியில் துணி காயப்போடும் கொடியில் மதிப்பெண் சான்றிதழ்கள் கிளிப் போட்டுத் தொங்கின. வெயில் நேராகப் படாமல் மேலே ஒரு வேட்டி. பேப்பர் விலைக்குப் போட்டால் எதுவும் வராது, ஆனால் எரித்துவிடலாம், இல்லை குப்பையில் போடலாம். பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். மாமா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. இது அவர் எடுத்த முதல் முடிவு.

இரண்டாவது, பாத்திரங்களைப் பற்றியது. கோணிப்பையில் பதினோரு உருப்படி: ஒரு பித்தளை அண்டா, இரண்டு குத்துவிளக்கு, எவர்சில்வர் குடம், தாம்பாளம், சொம்புகள். குடத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தபோது கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக எழுத்து தெரிந்தது. பெண்ணின் பெயர், மாப்பிள்ளையின் பெயர், ஒரு தேதி, கீழே "தாய்மாமன் சீர்". மிச்சப் பாத்திரங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருந்தது. அதை இயந்திரத்தில் தேய்த்து அழித்துவிட்டு விற்பது வழக்கம், கடினமும் இல்லை. மருமகன் அதைத்தான் சொன்னார். மாமா சொன்ன பதில் இது: "உங்கம்மா கல்யாணத்துக்கு நானும் இதே மாதிரிதான்டா பேர் வெட்டிக் குடுத்தேன்."

பாத்திரம் விற்பது அத்தோடு நின்றது.

சரி, ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? காவல் நிலையத்தில் ஒப்படைப்பது ஒரு வழி. அப்படிச் செய்தால் காகிதம் பத்திரமாக இருக்கும், ஆனால் உரியவர் தானாகத் தேடி வந்தால்தான் சேரும் என்று மாமா நினைத்தார். சான்றிதழில் உள்ள பள்ளியில் கேட்கலாம் என்றார் மருமகன். பெண் பிள்ளைகளின் விவரத்தை முன்பின் அறிமுகமில்லாத ஆண்கள் போய்க் கேட்டால் பள்ளியில் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. இறுதியில் வழி காட்டியது அடகுச் சீட்டு.

சீட்டில் தேதி 2023 மே. மீட்கும் கெடு ஓர் ஆண்டும் ஏழு நாளும் என்று பின்னால் அச்சிட்டிருந்தது. அதாவது 2024 மே தாண்டினால் நகை ஏலத்துக்குப் போகலாம். அடகுக்கடை மின்ட் தெருப் பக்கம். மாமா நேரில் போனார். கடைக்காரரிடம் முகவரி கேட்கவில்லை. "உங்க பார்ட்டியோட சீட்டு எங்கிட்ட இருக்கு, வீட்டுப் பத்திரமும் இருக்கு. என் நம்பரை அவங்களுக்குக் குடுங்க, அவங்களே பேசட்டும்" என்று சொல்லித் தன் எண்ணை எழுதி வைத்துவிட்டு வந்தார். கடைக்காரர் நல்லபடியாக நடந்துகொண்டார். பேரேட்டில் இருந்த மச்சானின் எண்ணுக்கு அன்றைக்கே சொல்லிவிட்டார். அடுத்தவர் விவரத்தைக் கேட்டு வாங்காமல் தன் விவரத்தைக் கொடுத்துவிட்டு வந்தது சரியான முறை என்று நான் நினைக்கிறேன்.

உரியவர் வந்தது

ஏப்ரல் 7 ஞாயிறு அன்று வாடகைதாரரின் மனைவி அண்ணனோடு வந்தார். நடந்தது அப்போதுதான் தெரிந்தது. 2023 ஆகஸ்டில் கணவருக்குப் பக்கவாதம். அரசு ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். பேச்சும் வலது கையும் போய்விட்டன. வண்ணாரப்பேட்டை வீட்டைக் காலி செய்து, செய்யாறு பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வாடகை, சாவி, அக்ரிமென்ட் எல்லாம் கணவர்தான் பார்த்தார். அறை எங்கே இருக்கிறது என்பதே மனைவிக்குத் தெரியாது. கணவர் இடது கையால் எழுதிக் காட்டப் பழகியது பிப்ரவரியில். சென்னைக்கு வர வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கும்போதுதான் அடகுக்கடையிலிருந்து ஃபோன் வந்திருக்கிறது.

கொடியில் காய வைத்து ஃபைலில் போட்ட சான்றிதழ்களை மாமா எடுத்து வைத்தார். அந்த அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தார். சின்னப் பெண்ணின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பாதிக்கு மேல் மை கலைந்திருந்தது. புயலில் சான்றிதழ் இழந்தவர்களுக்கு அரசு 2023 டிசம்பரில் சிறப்பு முகாம் நடத்தியது. தங்கள் பெட்டி ஈரத்தில் இருக்கிறது என்பதே தெரியாததால் இவர்கள் அதற்குப் போகவில்லை.

அதன் பிறகு, "மெஷின் எங்கேண்ணா?" என்று கேட்டார்.

விற்றுவிட்டோம் என்று சொல்வது மாமாவுக்குக் கஷ்டமாக இருந்தது. அண்ணன் கோபப்பட்டார். திருட்டுப் புகார் கொடுப்பேன் என்றார். மாமா மறுத்துப் பேசவில்லை. ரசீதைக் காட்டினார், யாரிடம் எடுத்தோம் என்று சொன்னார், இரண்டு வாரம் அவகாசம் கேட்டார். அன்று மாலை என்னிடம் வந்தார்கள். நான் உயர் நீதிமன்றத்தில் பழகிய ஒரு வக்கீலிடம் அழைத்துப் போனேன்.

வக்கீல் சொன்னது

அவர் முதலில் கேட்டது ரசீதை அல்ல, அக்ரிமென்டை. படித்துவிட்டு, வாடகைதாரரின் பூட்டு, வாடகைதாரரின் சாவி என்றால் சாமான் குடோன்காரர் கையில் ஒப்படைக்கப்படவே இல்லை, இது வெறும் இடவாடகை என்றார். ஒப்படைத்ததாகவே வைத்துக்கொண்டாலும் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 170, 171 பிரிவுகள் தருவது, பாக்கி தீரும் வரை சிலர் சில பொருள்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை. பிடித்து வைப்பது வேறு, விற்பது வேறு. அடகு பிடித்தவருக்கு 176ஆம் பிரிவு, நியாயமான நோட்டீஸ் கொடுத்து விற்கலாம் என்கிறது. அவரும் பாக்கி போக மீதியை அடகு வைத்தவரிடம் கொடுத்தாக வேண்டும். வாடகை வராவிட்டால் நீதிமன்றம் போகலாம். தானே பூட்டை உடைத்து ஏலம் விட முடியாது. பாக்கிக்கு நோட்டீஸ் கொடுத்து விற்கலாம் என்று அக்ரிமென்டில் ஒரு வரி இருந்து, அதன்படி தபாலும் போயிருந்தால் பேசுவதற்கு ஓர் இடமாவது இருந்திருக்கும். இரண்டும் இல்லை.

அடுத்து அவர் சொன்னதுதான் மருமகனை உட்கார வைத்தது. சரக்கு விற்பனைச் சட்டம், 1930, பிரிவு 27: விற்கிறவருக்கு இல்லாத உரிமை பொதுவாக வாங்குகிறவருக்கு வராது. நல்லெண்ணத்தோடு காசு கொடுத்து வாங்கினேன் என்பது மட்டும் இங்கே போதாது. அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு, விற்க எனக்கு உரிமை இருக்கிறது என்ற உறுதி பொதுவாக எந்த விற்பனையிலும் அடங்கியிருக்கிறது என்கிறது. ஆகவே அந்த அம்மாவுக்கு இவர்கள் பதில் சொல்ல வேண்டும், இவர்களுக்குக் குடோன்காரர் பதில் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் எப்படி விற்கிறார்கள் என்று மருமகன் கேட்டார். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் இதற்கென்றே சட்டம் இருக்கிறது, நோட்டீஸ், கெடு, விளம்பரம் எல்லாம் முடிந்த பிறகுதான் ஷட்டர் திறக்கிறார்கள், பாக்கி போக மீதி வாடகைதாரருக்கு உரியது என்று வக்கீல் விளக்கினார். வீடியோவில் வருவது ஷட்டர் திறக்கும் கடைசி பத்து நிமிடம் மட்டும்.

தீர்வு

நடுவில் மக்களவைத் தேர்தல் வந்தது. ஏப்ரல் 19 வாக்குப்பதிவு முடிந்து, 21ஆம் தேதி ஞாயிறு காலை குடோன் அலுவலகத்தில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். நானும் இருந்தேன். மூன்று மணி நேரம் பேசினோம்.

குடோன்காரர் கணக்கு: ஆகஸ்டு முதல் பிப்ரவரி வரை ஏழு மாதம், 45,500. அட்வான்ஸ் 20,000 கழித்தால் பாக்கி 25,500. வெள்ளச் சேறு அள்ளியதற்கு 3,500. ஆக அவருக்கு வர வேண்டியது 29,000. விற்றது 61,000. மீதி 32,000-ஐ இத்தனை நாள் அவர் தன்னுடையது என்றே நினைத்திருந்தார். வக்கீல் எழுதித் தந்த குறிப்பைப் படித்த பிறகு அதை அந்த அம்மாவுக்குக் கொடுக்க ஒத்துக்கொண்டார்.

மாமாவும் மருமகனும் பாத்திரம் பதினொன்று, பீரோ, ஓவர்லாக் மெஷின், டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் காசு வாங்காமல் திருப்பினார்கள். விற்றுப்போன மூன்று ஜூக்கிக்காக 20,000 கொடுத்தார்கள். அந்த மெஷின்களின் மதிப்புக்கு இது குறைவு, அது எல்லாருக்கும் தெரியும். வழக்கு என்று போனால் எத்தனை வருடம் என்பதும் தெரியும். அந்த அம்மாவே இந்தத் தொகைக்குச் சரி என்றார். மாமாவுக்கும் மருமகனுக்கும் வந்த நஷ்டத்தில் ஒரு பங்காகக் குடோன்காரர் அவர்களுக்கு 10,000 கொடுத்தார்.

தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்ததால் 50,000-க்கு மேல் ரொக்கத்தோடு பஸ்ஸில் போவது சரிப்படாது என்று 52,000-ஐயும் வங்கிக் கணக்கில் போட்டார்கள். அதுவே நல்ல ஆதாரமாகவும் ஆனது. 100 ரூபாய் முத்திரைத்தாளில், யார் எதைக் கொடுத்தார், யார் எதைப் பெற்றார், இனி கோரிக்கை இல்லை என்று எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கணவரின் சம்மதக் கடிதத்தை அண்ணன் கொண்டு வந்திருந்தார், இடது கைக் கையெழுத்தில்.

என் நோட்டில் இந்த அறையின் கடைசி வரி: நஷ்டம் 7,800.

மாற்றியது

மாமாவும் மருமகனும் இந்தத் தொழிலை விடவில்லை. ஆனால் இப்போது ஷட்டருக்கு முன்னால் அக்ரிமென்டைக் கேட்கிறார்கள். அதில் விற்பதற்கு வாடகைதாரர் சம்மதித்த வரி இருக்க வேண்டும். தபால் போன ரசீதும், திரும்பி வந்த உறையோ சேர்ந்ததற்கான ஒப்புகையோ இருக்க வேண்டும். சாட்சிக்கும் தபால் போயிருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட நல்லது, வாடகைதாரரே கைப்பட எழுதிக் கொடுத்த கடிதம். ரசீதில், விற்க உரிமை உண்டு, பின்னால் யாராவது கேட்டு வந்தால் பணத்தைத் திருப்பித் தருவேன் என்று விற்பவர் எழுதித்தர வேண்டும். எழுத மறுத்தால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுகிறார்கள்.

ஏலத்தில் கேட்பது மாமா மட்டும். பூட்டிய பெட்டிக்கு ஒரு ரூபாயும் கூட்டுவதில்லை. எடுத்த சாமானில் காகிதம், ஃபோட்டோ, பெயர் வெட்டிய எதுவும் இருந்தால் முதல் நாளே தனியே எடுத்து, பட்டியல் போட்டு, ஃபோட்டோ எடுத்து, அறுபது நாள் வைக்கிறார்கள். இந்த அறையில் மெஷின்களை இரண்டு வாரத்துக்குள் விற்றதுதான் பெரிய தப்பு என்பது மாமாவின் கருத்து. அடகுச் சீட்டு முதல் நாளே கையில் இருந்தது. அன்றைக்கே மின்ட் தெருவுக்குப் போயிருந்தால் மூன்று ஜூக்கியும் அப்படியே இருந்திருக்கும். அவர் போனது 23 நாள் கழித்து. இதில் நான் அவரோடு முழுக்க ஒத்துப்போகிறேன். காகிதத்தைக் காப்பாற்றியதை எல்லாரும் பாராட்டினார்கள். ஆனால் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது மெஷின்.

குடோன்காரரும் அக்ரிமென்டை மாற்றினார். இப்போது அது மூன்று பக்கம். இரண்டு மாற்றுத் தொடர்பு எண்கள் கேட்கிறார், நோட்டீஸ், கெடு, மீதிப் பணம் யாருக்கு என்று வரிகள் சேர்த்திருக்கிறார்.

செப்டம்பரில் மாதவரம் பக்கம் இன்னொரு அறை வந்தது. வாசலில் நின்று பார்த்தாலே ஏசி மெஷின்கள், செம்புக் குழாய்ச் சுருள்கள் தெரிந்தன. லாபம் நிச்சயம் என்றார் மருமகன். மாமா தபால் ரசீதைக் கேட்டார். "ஆளே ஊர்ல இல்லைங்க, எதுக்குத் தபால்?" என்றார் உரிமையாளர். மருமகன்தான் முதலில் வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

அந்த அறையை வேறு யாரோ 90,000-க்கு எடுத்ததாகக் கேள்வி. செய்யாற்றிலிருந்து அந்த அம்மா தீபாவளிக்கு ஃபோன் செய்தார். ஓவர்லாக்கில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறதாம். மாமா மெக்கானிக்கை லைனில் சேர்த்துவிட்டார். அரை மணி நேரம் பேசி, ஊசியை மாற்றி, டென்ஷன் சரி செய்து, ஓடவிட்டுக் கேட்ட பிறகுதான் ஃபோனை வைத்தார்கள்.